வேண்டுதல் பலிக்காதபோது: பிரார்த்தனையால் என்ன பயன்?

ஒன்பது நாள்கள் எங்கள் குடும்பம் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த நாற்காலிகளில்தான் குடியிருந்தது. உள்ளே அம்மா. சர்க்கரை நோயால் காலில் வந்த புண், கிருமித் தொற்றாக மாறி இரத்தத்தில் கலந்துவிட்டது.

எங்களுக்கு எதிரே ஒரு மலாய்க் குடும்பம். அவர்களுடைய தந்தைக்கு மாரடைப்பு. சின்ன யாசீன் புத்தகத்தை ஆளுக்கு ஆள் மாற்றி வாங்கி ஓதிக்கொண்டே இருந்தார்கள். மூலையில் ஒரு சீன மூதாட்டி, மணிமாலையை உருட்டியபடி, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பார். என் தங்கை கைப்பேசியில் கவசத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விடாமல் படித்தாள். அம்மா பிழைத்துவிட்டால் தைப்பூசத்திற்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாகப் பெரியம்மா வேண்டிக்கொண்டார். தங்கை முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள்.

மூன்று குடும்பங்கள், மூன்று மொழிகள், கேட்டது ஒன்றுதான். மலாய்க் குடும்பத்துப் பெரியவர் ஆறாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்டார். போகும்போது அவருடைய மகன் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். சீன மூதாட்டியின் நாற்காலி ஒரு நாள் காலையில் காலியாக இருந்தது. அம்மா ஒன்பதாம் நாள் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, உறவினர் ஒருவர் தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னார். "முழு மனசோட வேண்டியிருந்தா அம்மன் கைவிட்டிருக்க மாட்டா." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை என்னிடம் கேட்டாள். "அண்ணே, நான் சரியா கும்பிடலையா?"

அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. நம் சமுதாயத்தில் இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. மனிதன் ஏன் பிரார்த்திக்கிறான்? பிரார்த்தித்தால் கேட்டது நடக்கிறதா? நடக்காவிட்டால் அதனால் வேறு பயன் ஏதேனும் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் கை கூப்புகிறோம்?

பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் இறைவனை நாடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. துன்பத்தில் தவிப்பவர், பொருளோ பலனோ வேண்டுபவர், உண்மையை அறிய விரும்புபவர், ஞானி. நம்மில் பெரும்பாலோர் முதல் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுவோம். ஆனால் கீதை அந்த இரு வகையினரையும் தாழ்த்திப் பேசவில்லை. நால்வரும் நல்லவர்களே என்கிறது. ஞானி இறைவனுக்கு மிகவும் நெருக்கமானவர், அவ்வளவுதான்.

துன்பம் வந்தால் ஏன் மனம் கடவுளிடம் ஓடுகிறது? இதற்கு ஒரு நல்ல விளக்கம், பப்புவா நியூகினியைச் சேர்ந்த டுரோபிரியண்ட் தீவுகளிலிருந்து கிடைத்தது. போலந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே தங்கி மீனவர்களின் வாழ்க்கையைக் கவனித்தார். கரையை ஒட்டிய அமைதியான கடற்கழியில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரமோ சடங்கோ செய்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை; மீன் கிடைப்பதும் உறுதி. அதே மனிதர்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் செய்தார்கள். அங்கே படகு திரும்பி வருமா என்பதே சந்தேகம்.

அவர்கள் அறியாமையால் சடங்கு செய்யவில்லை. படகு கட்டவும் வலை வீசவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கள் திறமை எங்கே முடிகிறதோ, அந்த எல்லையில்தான் சடங்கைத் தொடங்கினார்கள்.

நம் முன்னோர் கதையும் இதுதான். கப்பலேறி வந்து, காட்டை அழித்து, ரப்பர் நட்ட தோட்டங்களில் மலேரியா கூட்டம் கூட்டமாக ஆள்களைக் கொண்டுபோனது. பாம்பும் புலியும் வேறு. சம்பளம் கங்காணி கையில், உயிர் காய்ச்சல் கையில். அந்த நிலையில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கூப்பிட்டார்கள். பிறகு தகரக் கூரை வந்தது. அதன்பின் கோபுரமும் வந்தது. கோயில் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பதே அரிதாயிற்று.

இன்றும் அப்படித்தான். தினமும் ஓட்டிப் பழகிய மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போக யாரும் தேங்காய் உடைப்பதில்லை. புதுக் கார் வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். எஸ்பிஎம் தேர்வுக்கு முன் பேனாவைக் கோயிலுக்கு எடுத்துப் போகிறோம். அறுவை சிகிச்சைக்கு முன் அர்ச்சனை செய்கிறோம். என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில்தான் வேண்டுதல் பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்

சரி, வேண்டியது நடக்கிறதா? இதைத் தமிழ் மண்ணில் துணிந்து கேட்டவர்களில் முதன்மையானவர் பெரியார். அவர் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்தபிறகு இங்கும் அந்தக் கேள்வி வேர்விட்டது. பகுத்தறிவு பேசும் தாத்தாவும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பாட்டியும் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம்.

இங்கிலாந்தில் அதற்கும் முன்பே, 1872-இல், பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். அரச குடும்பத்தினர் நீடூழி வாழ வேண்டும் என்று நாடெங்கும் தேவாலயங்களில் வாரந்தோறும் வேண்டுகிறார்கள். அப்படியானால் அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ வேண்டும் அல்லவா? ஆயுள் கணக்கை எடுத்துப் பார்த்தார். முப்பது வயதைத் தாண்டிய ஆண்களில், அரச குடும்பத்தினரின் சராசரி ஆயுள் சுமார் 64. சாதாரண நிலக்கிழார்களுக்கு சுமார் 70. அவர் ஒப்பிட்ட வசதியான பிரிவினரிலேயே அரச குடும்பத்தினர்தான் மிகக் குறைவு. ஆனால் அதே கட்டுரையின் முடிவில், பிரார்த்தனை மனத்துக்கு ஆறுதலும் வலுவும் தரக்கூடும் என்பதைக் கால்டன் மறுக்கவில்லை.

அது பழைய கணக்கு. இக்காலத்தில் நடந்த பெரிய ஆய்வு, அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளிடம் செய்யப்பட்டது. அதன் தலைவர் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன். பிரார்த்தனையை மட்டம் தட்டும் நோக்கம் கொண்டவர் அல்லர். தியானமும் ஜெபமும் உடலுக்கு நல்லது என்று 1975-ஆம் ஆண்டிலேயே புத்தகம் எழுதியவர்.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காகக் கிறிஸ்துவப் பிரார்த்தனைக் குழுக்கள் 14 நாள்கள் வேண்டின. இரண்டாம் குழுவுக்காக அந்தக் குழுக்கள் வேண்டவில்லை. இந்த இரு குழுவினருக்கும், தமக்காக வேண்டுகிறார்களா இல்லையா என்பது தெரியாது. மூன்றாம் குழுவுக்காக வேண்டினார்கள். அது அவர்களுக்கும் உறுதியாகத் தெரிவிக்கப்பட்டது.

முடிவு 2006-இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள் முதல் குழுவில் 52 விழுக்காட்டினருக்கு வந்தன. இரண்டாம் குழுவில் 51 விழுக்காடு. வேறுபாடே இல்லை. தமக்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்த மூன்றாம் குழுவில்தான் கூடுதல்: 59 விழுக்காடு. இது தற்செயலாக இருக்கலாம். "நமக்காகத் தனிக்குழு வைத்து வேண்டும் அளவுக்கு நிலைமை மோசமா?" என்ற பயமும் காரணமாக இருக்கலாம் என்று கூறப்பட்டது.

நம்பிக்கையாளர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் குழுவில் இருந்தவர்களுக்காக அவர்களுடைய மனைவி, மக்கள் வீட்டில் வேண்டியிருக்க மாட்டார்களா? இறைவனைக் குலுக்கல் முறைக்குள் அடைக்க முடியுமா? முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு பெயரையும் ஓரெழுத்தையும் வைத்து வேண்டுவதும், பெற்ற தாய்க்காக மகள் வேண்டுவதும் ஒன்றா? இவை ஆய்வால் தீர்க்க முடியாத கேள்விகள்.

இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அளந்து பார்க்க முடிந்த இடத்தில், தூரத்தில் இருந்து ஒருவர் செய்யும் வேண்டுதல் இன்னொருவரின் நோயைக் குறைத்ததாக இந்தப் பெரிய ஆய்வு காட்டவில்லை. மலாய்க் குடும்பத்துப் பெரியவர் பிழைத்ததும் என் அம்மா பிழைக்காததும், யார் எவ்வளவு உருகினார்கள் என்பதால் அல்ல.

பெரியம்மை போனது, அம்மன் போகவில்லை

இங்கே நம் சொந்த வரலாற்றிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது.

மாரியம்மனை நம் மக்கள் தேடிப் போனதற்கு முக்கியக் காரணம் அம்மை நோய். நோய்க்கே அம்மன் பெயரைத்தான் வைத்தோம். வேப்பிலை, மஞ்சள் நீர், கூழ், தீமிதி என்று அம்மனின் வழிபாடு முழுவதும் அந்த நோயோடு பின்னிக் கிடக்கிறது. 1827-இல் சிங்கப்பூரில் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், 1873-இல் கோலாலம்பூரில் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் கொள்ளை நோய்கள் மக்களை வாட்டிய காலத்தில் உருவானவை.

பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. 1977-இல் சோமாலியாவில் ஒருவருக்கு இயற்கையாக வந்ததே கடைசி. 1980-இல் உலக சுகாதார நிறுவனம், பெரியம்மை உலகை விட்டே போய்விட்டது என்று அறிவித்தது. மலேரியா கதையும் அப்படித்தான். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டறிந்தார். சில ஆண்டுகளிலேயே கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் பகுதிகளில் சதுப்பு நிலத்து நீரை வடிய வைத்தார். காய்ச்சல் மரணங்கள் சரிந்தன. அந்த முறை பிறகு தோட்டங்களுக்கும் போனது. நம் தாத்தா பாட்டிகளின் உயிரைக் காத்ததில் வாய்க்கால் வெட்டிய மண்வெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

பிரார்த்தனை என்பது நோய் தீர்க்கும் கருவி மட்டுமே என்றால், 1980-க்குப் பிறகு மாரியம்மன் கோயில்கள் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆடி மாதக் கூட்டம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. வேலை போனவர், மகன் போதைப் பழக்கத்தில் சிக்கியவர், கணவன் வீட்டை விட்டுப் போனவர், நல்லது நடந்ததற்கு நன்றி சொல்ல வந்தவர் என எல்லோரும் வருகிறார்கள். சிலர் எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படியானால், நோய் தீர்ப்பதையும் தாண்டி, பிரார்த்தனை வேறு ஏதோ வேலையைச் செய்கிறது. அது என்ன?

பிரார்த்தனை செய்யும் வேலை

முதலாவது, மூச்சு. இத்தாலியின் பவியா பல்கலைக்கழக மருத்துவர் பெர்னார்டியின் குழு 23 ஆரோக்கியமானவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டது. கத்தோலிக்க ஜெபமாலையை இலத்தீனில் சொல்லச் சொன்னார்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற நிதானமான ஓட்டத்துக்குக் கொண்டுவந்தன. அந்த ஓட்டத்தில் இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் இயக்கம் மேம்பட்டது. சமயம் வேறு, மொழி வேறு, மூச்சு ஒன்று. மருத்துவமனை நாற்காலியில் யாசீனும் கவசமும் மணிமாலையும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது, பதற்றம். 2006-இல் இஸ்ரேலின் வடபகுதியில் ராக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, சஃபேத் என்ற ஊரைச் சேர்ந்த யூதப் பெண்கள் பலர் சங்கீதங்களை ஓதினார்கள். அமெரிக்க மானிடவியல் அறிஞர் ரிச்சர்ட் சோசிஸ் அவர்களிடம் ஆய்வு செய்தார். ஊரிலேயே தங்கியவர்களில், ஓதியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. ஊரை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போனவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. அவர்களுடைய கவலை இடநெருக்கடி போன்ற அன்றாடப் பிரச்சினைகள். நம் கையில் இல்லாத துன்பத்துக்குப் பிரார்த்தனை தோள் கொடுக்கிறது. நம் கையில் உள்ள பிரச்சினைக்கு நாமே எழுந்துதான் வேலை செய்ய வேண்டும். டுரோபிரியண்ட் மீனவர்கள் பிரித்து வைத்திருந்ததும் இதே கோட்டைத்தான்.

மூன்றாவது, உறவு. அமெரிக்காவில் லாம்பர்ட், ஃபின்சம் ஆகிய உளவியல் ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம் துணையின் நலனுக்காக வேண்டியவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிட மன்னிக்கும் மனநிலையில் கூடுதலாக இருந்தார்கள். இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கோபத்தில் இருக்கும்போது, "என் தம்பி நல்லா இருக்கணும்" என்று ஒரு தடவை மனத்தார வேண்டிப் பாருங்கள். அடுத்த முறை அவரிடம் பேசும் குரலே மாறிவிடும்.

நான்காவது, கூட்டம். மொரிஷியஸ் தீவில் வாழும் தமிழ் வம்சாவளியினர் நம்மைப் போலவே தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள். அங்கே டிமிட்ரிஸ் சிகலாட்டஸ் என்ற மானிடவியல் அறிஞரின் குழு ஆய்வு செய்து 2013-இல் முடிவை வெளியிட்டது. ஆய்வில் பங்கெடுத்ததற்காக ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, கோயிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்றார்கள். கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் 133 கொடுத்தார்கள். காவடிக்குத் துணையாக நடந்து வந்தவர்கள் 161 கொடுத்தார்கள்! வேல் குத்தியவரைவிட, பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நடந்தவரின் கை அதிகம் தாராளமாகியிருக்கிறது.

பத்துமலையின் 272 படிகளில் காவடிக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஒருவருடைய வேண்டுதலை இன்னும் பத்துப் பேர் சேர்ந்து சுமக்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் முகம் தெரியாதவர்களுக்கு மோர் ஊற்றுகிறார்கள். அந்த ஒரு நாளுக்கு யாருடைய துக்கமும் தனித் துக்கமாக இருப்பதில்லை.

தீங்காக மாறும் இடங்கள்

பிரார்த்தனைக்கு இவ்வளவு பயன் உண்டு என்றால், அது தீங்காகும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று, கை செய்ய வேண்டிய வேலையைப் பிரார்த்தனையிடம் தள்ளிவிடுவது. என் அம்மா அதைத்தான் செய்தார். காலில் புண் வந்ததை மூன்று வாரம் எங்களிடம் சொல்லவே இல்லை. மஞ்சளும் திருநீறும் பூசிக்கொண்டு, "அம்மா பார்த்துக்குவா" என்று இருந்துவிட்டார். அரசாங்க கிளினிக்கில் முதல் வாரத்திலேயே காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். இந்நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு நோய் அதிகம் உள்ள சமுதாயம் நம்முடையது. காலில் புண், நெஞ்சில் வலி, மார்பில் கட்டி, பிள்ளைக்கு விடாத காய்ச்சல் இவை எல்லாம் கழிமுகத்து மீன்பிடி போன்றவை. வழி தெரிந்தவை. முதலில் மருத்துவரிடம் போய்விட்டு, திரும்பும் வழியில் கோயிலுக்குப் போகலாம்.

இரண்டு, பலிக்காத வேண்டுதலுக்கு வேண்டியவரைக் குற்றவாளியாக்குவது. இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. உளவியல் அறிஞர் கென்னத் பார்கமெண்ட் குழுவினர், மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்", "இது எனக்குத் தண்டனை" போன்ற எண்ணங்களோடு போராடியவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு இருந்தது. துக்க வீட்டில் அக்கறையோடு சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

மூன்று, பயத்தை விற்பவர்கள். "இந்தப் பரிகாரம் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவரிடம் பிரார்த்தனை வியாபாரமாகிவிடுகிறது. கடன் வாங்கி நேர்த்திக்கடன் தீர்ப்பது நம் முன்னோர் காட்டிய வழி அல்ல. அவர்கள் வைத்தது ஒரு கைப்பிடிப் பூவும் ஒரு சூடமும்தான்.

சமயங்களே சொல்லி வைத்தவை

கேட்டது கிடைக்காத பிரார்த்தனை குறைபட்ட பிரார்த்தனையா? எந்தப் பெரிய சமயமும் அப்படிச் சொல்லவில்லை.

கிறிஸ்துவர்கள் போற்றும் இயேசு, கைதாகும் இரவில் கெத்செமனே தோட்டத்தில், தமக்கு வரவிருக்கும் துன்பம் நீங்காதா என்று வேண்டினார். நீங்கவில்லை. தம் விருப்பத்தை இறைவன் விருப்பத்தோடு சேர்த்துக்கொண்டு எழுந்து நடந்தார். அவருடைய பிரார்த்தனையில் குறை இருந்தது என்று யாராவது சொல்வார்களா?

ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற பொருளில் நபிகள் நாயகம் பதில் சொன்னதாக முஸ்லிம்கள் சொல்வார்கள். முயற்சியும் பிரார்த்தனையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

நம் பெரியபுராணத்தில் இரண்டு வகையும் உண்டு. சுந்தரர் நண்பனிடம் கேட்பதுபோல நெல்லைச் சுமந்து தர ஆள் கேட்டார், பொன் கேட்டார். காரைக்கால் அம்மையார் அழியாத அன்பைக் கேட்டார், பிறவாமை கேட்டார், பிறந்தாலும் இறைவனை மறவாமை கேட்டார். இருவரையும் நாயன்மாராகத்தான் வணங்குகிறோம். பொருள் கேட்பது பாவமில்லை. கேட்டுக் கேட்டு, கேட்கும் பொருளே மெல்ல மாறுவதும் உண்டு.

தங்கைக்குச் சொன்ன பதில்

பாத்திரம் கழுவிய இரவில் சொல்லத் தெரியாததைச் சில மாதங்கள் கழித்து தங்கையிடம் சொன்னேன்.

"நீ கும்பிட்டதுல குறை இல்ல. அம்மா கால்ல இருந்த புண்ணை நாம மூணு வாரம் பார்க்காம விட்டதுதான் குறை. அது உன் ஒருத்தி தப்பு இல்ல, அம்மா உட்பட நம்ம எல்லாரோட தப்பு. நீ கும்பிட்டதாலதான் அந்த ஒன்பது நாளும் ஓடிப் போகாம அம்மா பக்கத்துல உட்கார முடிஞ்சுது. உள்ளே போய் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டப்போ உன் கை நடுங்கல. அதை நான் பார்த்தேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நிறைய நேரம் அழுதாள். பிறகு, அப்பாவின் காலையும் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனாள். அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. விளக்கேற்றிக் கும்பிடுவது ஒன்று. அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இன்னொன்று.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உறவில் யாராவது மருத்துவமனையில் இருந்தால், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டியபின் எழுந்து, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். இரவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். வேண்டியது நடக்காமல் போனால், துக்க வீட்டில் காரணம் தேடாதீர்கள். "உன்னால முடிஞ்சதை எல்லாம் செஞ்சே" என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகும் படகில் இருப்பவருக்கு அந்த வார்த்தையும் ஒரு துடுப்புதான்.